குமரி ரோட்டில் லோடு வண்டி: டிரைவரிடம் சொல்லும் முன் முதலாளி செய்ய வேண்டியது

தக்கலைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். இரண்டு டாரஸ் லாரி, ஒரு ஈச்சர் லாரி, ஒரு டெம்போ என நாலு வண்டி ஓடுகிறதாம். ஜல்லி, பாறைப்பொடி, ரப்பர், சில நாள் மீன் லோடு. சமீபத்தில் இரண்டு தடவை வண்டி இடித்து, அதில் ஒன்றில் பைக்கில் வந்த பையனுக்குக் கால் முறிந்துவிட்டது. “டிரைவர்களைக் கூட்டி வைத்து என்ன சொல்லிக் கொடுக்க வேண்டும்? ஜிபிஎஸ்ஸும் கேமராவும் மாட்டினால் சரியாகிவிடுமா?” என்பது அவர் கேள்வி.

சொல்லிக் கொடுக்க நிறைய இருக்கிறது தம்பி, வரிசையாக வருகிறேன். அதற்கு முன் நீங்கள் எனக்கு ஒன்று சொல்ல வேண்டும். டிரைவருக்குக் கூலி எப்படிக் கொடுக்கிறீர்கள்? டிரிப்புக்கு இவ்வளவு என்று கொடுக்கிறீர்கள் என்றால், மற்ற எல்லாவற்றையும் விட அதைத்தான் முதலில் மாற்ற வேண்டும். மூன்றாவது டிரிப் அடித்தால்தான் வீட்டுக்குக் காசு கொண்டுபோக முடியும் என்கிற ஆளிடம் நிதானமாக ஓட்டு என்று சொல்வதில் அர்த்தம் இல்லை. அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய் அதே மாதிரிதான் ஓட்டுவார். அவர் கெட்டவர் என்பதால் இல்லை, நீங்கள் வைத்திருக்கிற கணக்கு அப்படி ஓட்டச் சொல்கிறது.

உண்மையில் நம் மாவட்டத்து ரோட்டில் வேகமாக ஓட்டி நேரம் பிடிக்கவே முடியாது. நாகர்கோவிலிலிருந்து களியக்காவிளை சுமார் 40 கிலோமீட்டர். சராசரி 30 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 80 நிமிடம் ஆகும். ஹாரனை அழுத்திப் பிடித்து, பஸ்ஸை முந்தி, எதிரே வருகிறவனை மண்ணில் இறக்கிவிட்டு எப்படியோ சராசரியை 35-க்கு ஏற்றினாலும் 69 நிமிடம். மிச்சமாவது 11 நிமிடம்தான். அந்த 11 நிமிடத்தை எடைமேடை வரிசையிலோ, பில் போடுகிற இடத்திலோ, மார்த்தாண்டத்தில் மேம்பாலத்துக்குக் கீழே சந்தை நெரிசலில் மாட்டியோ சாதாரணமாக இழக்கிறோம். நேரம் போவது அங்கேதான். ஆகவே நேரத்தை அங்கே பிடியுங்கள். லோடு எத்தனை மணிக்குத் தயார் என்று முன்கூட்டியே பேசி வைப்பது, பேப்பர் எல்லாம் முந்தின நாளே சரிபார்ப்பது, பள்ளி நேரத்தில் கனரக வண்டிக்குத் தடை இருக்கிற ரோடுகளைக் கணக்கில் வைத்துப் புறப்படும் மணியைக் குறிப்பது, இவையெல்லாம் முதலாளியின் வேலை. டிரைவருக்கு மாதச் சம்பளமும், டிரிப் எண்ணிக்கையோடு சம்பந்தமில்லாத ஒரே அளவு பேட்டாவும் வைத்துப் பாருங்கள். குவாரியில் காத்துக் கிடக்கிற நேரத்துக்கும் காசு உண்டு என்று சொல்லிவிடுங்கள். வண்டியின் நடையே மாறிவிடும்.

வேலை நேரத்துக்கும் ஓர் அளவு வேண்டும். 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வகுத்த அளவு என்னவென்றால், நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் ஓடாமல் நடுவில் குறைந்தது அரை மணி ஓய்வு. ஐந்து தொழிலாளர் இருக்கிற இடத்துக்கே பொருந்துகிற மாதிரி எழுதப்பட்ட சட்டம் அது. நாலு டிரைவர், கூட கிளீனர்கள் என்று பார்த்தால் நீங்களும் அந்தக் கணக்கில் வந்திருப்பீர்கள். 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அதன் இடத்துக்கு வந்துவிட்டது, ஆனாலும் அந்த அளவையே பிடித்துக்கொள்ளுங்கள். காத்திருக்கிற நேரமும் வேலை நேரம்தான் என்பதை மறந்துவிடாதீர்கள். வெயிலில் கேபினுக்குள் நாலு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு ஸ்டீயரிங் பிடிக்கிற ஆள் ஓய்வெடுத்த ஆள் இல்லை.

அடுத்தது தூக்கம். இதில்தான் எனக்கு அதிகக் கவலை, ஏனென்றால் மீன் லோடு என்கிறீர்கள். தேங்காப்பட்டணத்திலோ குளச்சலிலோ முட்டத்திலோ பெட்டி ஏற்றி, விடியும் முன் கேரளச் சந்தையில் இறக்க வேண்டும் என்று ஓடுகிற நேரம் எது? ராத்திரி இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை. மனித உடம்பு தூக்கத்துக்கு மிக அதிகமாக ஏங்குகிற நேரமும் அதுவேதான். தோவாளைக்கு ராத்திரியில் பூ கொண்டுவருகிற வண்டிகளுக்கும் இதே கதை. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி ஒரு விநாடியில் 16 மீட்டருக்கு மேல் நகர்கிறது. நாலு விநாடி கண் சொக்கினால் 66 மீட்டர் தூரம் ஆளில்லாத வண்டியாகப் போகிறது. நம் ஊரில் 66 மீட்டருக்குள் ஒரு வளைவு, ஒரு சர்ச் முக்கு, நாலு வீட்டு வாசல் வந்துவிடும்.

கண்ணாடியை இறக்கிவிடுவது, பாட்டைச் சத்தமாக வைப்பது, முகத்தில் தண்ணீர் அடிப்பது எல்லாம் சில நிமிடம்தான் தாங்கும். தூக்கத்துக்கு மருந்து தூக்கம் மட்டுமே. டிரைவர்களிடம் அறிகுறிகளைச் சொல்லுங்கள்: அடுத்தடுத்துக் கொட்டாவி, பார்வை ஒரே இடத்தில் குத்தி நிற்பது, வண்டி தானாக ஓரம் ஒதுங்கி டயர் மண்ணில் ஏறும்போது திடுக்கிடுவது. இதைவிட முக்கியமான ஒன்று, வந்த வழி நினைவில் இல்லாமல் போவது. வில்லுக்குறி தாண்டிவிட்டோமா இல்லையா என்று சந்தேகம் வந்தால், அதற்கு மேல் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக் கூடாது. வெளிச்சம் உள்ள பெட்ரோல் பங்கில் ஒதுக்கி, ஒரு கட்டன் சாயா, அதாவது பால் இல்லாத டீ, குடித்துவிட்டு உடனே சாய்ந்து 20 நிமிடம் தூங்க வேண்டும். சாயா வேலை செய்ய 20, 30 நிமிடம் ஆகும், எழும்போது இரண்டும் சேர்ந்து உதவும். எழுந்த உடனே கிளப்பக் கூடாது. இறங்கி, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி, தெளிந்த பிறகு கிளம்பட்டும். இதற்காகத் தாமதமானால் ஏன் லேட் என்று கேட்கவே மாட்டேன் என்று நீங்கள் வாக்குக் கொடுக்க வேண்டும். அந்த வாக்கு இல்லாமல் மேலே சொன்ன எதுவும் நடக்காது.

இரவில் பலமாகக் குறட்டை விட்டு, மூச்சு நின்று திணறி எழுகிற டிரைவர் இருந்தால் டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். அந்த ஆள் எட்டு மணி நேரம் படுத்தாலும் தூங்கியதாகாது. சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர் வெறும் வயிற்றில் நாலு மணிக்குக் கிளம்பினால் சர்க்கரை இறங்கித் தலை சுற்றும், கை நடுங்கும். கையில் ஏதாவது சாப்பிட இருக்க வேண்டும். சளிக்கும் அரிப்புக்கும் போடுகிற மாத்திரைகளில் பல தூக்கம் வரவைப்பவை. மதுவைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினால் குற்றம், முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ உண்டு. ராத்திரி பதினொரு மணிக்குக் குடித்தது காலை நாலு மணிக்கு இறங்கியிருக்கும் என்று நம்புகிறவர்களிடம் மட்டும் அது அவ்வளவு சீக்கிரம் இறங்காது என்று சொல்லிவிடுங்கள்.

இனி வண்டி. புறப்படும் முன் ஒரு சுற்று வர வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்வதில்லை. பின்னால் இரட்டை டயரில் உள் டயர் காற்று இறங்கியிருந்தால் கண்ணுக்குத் தெரியாது, வெளி டயர் தாங்கிக்கொண்டிருக்கும். அதனால்தான் பழைய ஆட்கள் கம்பியால் தட்டிப் பார்ப்பார்கள்: காற்று உள்ள டயர் கணீரென்று கம்பியைத் திருப்பி எறியும், இறங்கிய டயர் மொத்தென்று சத்தம் போடும். குவாரிக்குப் போகிற வண்டிக்கு இன்னொன்றும் இருக்கிறது. இரண்டு டயருக்கும் நடுவில் கருங்கல் சில்லு சிக்கிக்கொள்ளும். மெயின் ரோட்டில் வேகம் எடுத்ததும் அது தெறித்துப் பின்னால் வருகிற பைக்காரன் நெஞ்சிலோ முகத்திலோ பாயும். குவாரி வாசலைத் தாண்டியதும் நிறுத்தி, கிளீனர் கம்பியோடு இறங்கி நாலு ஜோடி டயருக்கும் நடுவே பார்த்து எடுத்துவிட வேண்டும். இரண்டு நிமிட வேலைதான். அப்போதே தார்ப்பாய் கட்டையும், பின் கதவுக் கொக்கியையும் பார்த்துவிடலாம். ஓரத்துப் பலகைக்கு மேல் கல் நிற்கக் கூடாது.

ஏர் பிரேக் வண்டியில் காற்றழுத்தம் காட்டுகிற கடிகாரம் முழு அளவுக்கு ஏறி, பஸ்ஸர் நின்ற பிறகே நகர வேண்டும். இன்ஜினை அணைத்துவிட்டு பிரேக் பெடலை மிதித்துப் பிடித்தபடி முள்ளைப் பாருங்கள். முதலில் இறங்கி நின்ற இடத்திலிருந்து முள் தொடர்ந்து இறங்கினால் எங்கோ லீக் இருக்கிறது. கூர்ந்து கேட்டால் சத்தமே இடம் சொல்லும். காற்று டேங்கில் சேரும் தண்ணீரைத் தினமும் திறந்துவிட வேண்டும். கடற்கரைக் காற்று ஈரம் நிறைந்தது, நம் ஊரில் அது வேகமாகச் சேரும். மீன் வண்டியில் உப்புத் தண்ணீர் சொட்டிச் சொட்டி சேசிஸ், பிரேக் குழாய், வயரிங் எல்லாவற்றையும் தின்றுவிடும். லோடு இறக்கிய பிறகு நல்ல தண்ணீரில் அடிப்பக்கத்தையும் கழுவச் சொல்லுங்கள். ஐஸ் தண்ணீரை ரோட்டில் ஒழுகவிட்டுப் போவதும் தவறு. வளைவில் அது விழுந்த இடத்தில் பின்னால் வருகிற பைக் வழுக்கும். அதைப் பிடித்து வைக்க வண்டியிலேயே டேங்க் வைத்துக்கொள்ளலாம்.

லோடு அளவு பற்றி உங்களுக்கே தெரியும், ஆனாலும் எழுதுகிறேன். 2018-இல் ஏற்றப்பட்ட அளவின்படி இரண்டு ஆக்சில் வண்டி மொத்தம் 18.5 டன், மூன்று ஆக்சில் 28.5 டன். மீறினால் 20,000 ரூபாய் அபராதம், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000, மிச்சத்தை அங்கேயே இறக்கவும் வேண்டும். மழை பெய்த மறுநாள் பாறைப்பொடியைக் கண்மட்டத்தில் அளந்து ஏற்றாதீர்கள். அதே உயரத்துக்கு ஏற்றினாலும் நனைந்த பொடி எடை கூடுதலாக இருக்கும். அபராதத்தைக் கட்டிவிடலாம். அந்த எடையை ஒரு இறக்கத்தில் நிறுத்த பிரேக்கால் முடியாமல் போனால் என்ன செய்வது?

குலசேகரம், பேச்சிப்பாறை, அருமனை, கடையால் பக்கம் ரப்பர் ஏற்றப் போகிற வண்டிக்கு இது ரொம்பப் பொருந்தும். அங்கே ஏற்ற இறக்கம் குட்டை குட்டையாக, வளைவோடு சேர்ந்து வரும். ஏறின கியரிலேயே இறங்க வேண்டும், எக்ஸாஸ்ட் பிரேக்கை, அதாவது இன்ஜின் புகையை அடைத்து வேகம் குறைக்கிற பிரேக்கை, போட்டு. பெடலில் காலை வைத்தபடியே இறங்கினால் டிரம் சூடேறி, ஒரு கட்டத்தில் மிதித்தாலும் பிடிக்காது. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிற பழக்கம் உங்கள் ஆட்களில் யாருக்காவது இருந்தால் அன்றைக்கே நிறுத்துங்கள். இன்ஜின் பிடிப்பு போய்விடும், இன்ஜினும் அணைந்துவிட்டால் பவர் ஸ்டீயரிங் போய்விடும், கம்ப்ரசரும் காற்று ஏற்றாது. ரப்பர் பால் பேரலிலோ டேங்கரிலோ போனால், பாதி நிறைந்த லோடுதான் நிறைந்த லோடைவிட ஆபத்து. உள்ளே பால் அலையடித்து, வளைவில் வண்டியை வெளிப்பக்கம் தள்ளும். பிரேக் போட்டால் ஒரு விநாடி கழித்து முன்னால் இடிக்கும். டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை ரப்பர் இலை உதிர்கிற காலம். தோட்டத்து ரோட்டில் இலையும் பனியும் சேர்ந்தால் மழை பெய்த ரோட்டைவிட மோசமாக வழுக்கும்.

பையனுக்குக் கால் முறிந்ததாகச் சொன்னீர்களே, அது இடது பக்கமாக இருந்திருக்கும் என்பது என் ஊகம். பெரிய வண்டியில் டிரைவர் கண்ணுக்குத் தெரியாத இடம் இடது பக்கக் கதவை ஒட்டியும், முன் பம்பருக்கு நேர் கீழேயும்தான். பள்ளிக்கூடத்துப் பிள்ளை குனிந்து பம்பருக்கு முன்னால் கடந்தால் சீட்டிலிருந்து தெரியவே தெரியாது. ஒருநாள் வண்டியை நிறுத்தி, கிளீனரை இடது பக்கம் பைக்கில் உட்கார வைத்து மெல்ல முன்னும் பின்னும் நகரச் சொல்லுங்கள். ஒவ்வொரு டிரைவரையும் சீட்டில் ஏற்றி, பைக் எந்த இடத்தில் கண்ணாடியிலிருந்து மறைகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். மறைகிற இடத்தில் தரையில் சுண்ணாம்புக் கோடு போடுங்கள். வாயால் சொல்லி விளங்காதது அந்தக் கோட்டைப் பார்த்தால் விளங்கிவிடும்.

இடது பக்கம் திரும்பும்போது பின் சக்கரம் முன் சக்கரம் போன பாதையில் வராது, உள்ளே வெட்டி வரும். நம் ஊர் முக்கெல்லாம் குறுகல் என்பதால் டிரைவர் முதலில் வலது பக்கம் அகட்டிப் பிடிப்பார். பின்னால் வருகிற பைக்காரன் லாரி வலது பக்கம் திரும்புகிறது என்று நினைத்து இடது இடைவெளியில் நுழைவான். அந்த நொடியில்தான் விபத்து நடக்கிறது. இண்டிகேட்டரை முன்கூட்டியே போட்டு, நடக்கிற வேகத்துக்குக் குறைத்து, இடது கண்ணாடியை இரண்டு தடவை பார்த்துத்தான் வெட்ட வேண்டும். கிளீனர் சும்மா தூங்கிக்கொண்டு வருவதற்கு இல்லை, இடது பக்கத்தைப் பார்த்துச் சொல்வதே அவர் முதல் வேலை. ரிவர்ஸ் எடுக்கும்போது அவர் இறங்கி, டிரைவரின் கண்ணாடியில் தெரிகிற இடத்தில் நிற்க வேண்டும். ஆள் மறைந்த நொடியில் வண்டி நிற்க வேண்டும்.

பஸ் நின்றால் அதன் முன்னாலிருந்து யாரோ கடக்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்ளட்டும். கோட்டாறு சவேரியார் திருவிழா, மாசியில் மண்டைக்காடு கொடை, கார்த்திகை பிறந்ததும் கன்னியாகுமரிக்கும் சுசீந்திரத்துக்கும் வருகிற ஐயப்பன்மார் வண்டிகள் என்று கூட்டம் கூடுகிற நாட்களை ஒரு காலண்டரில் குறித்து மாட்டி, அந்த நாட்களில் வேறு வழியிலோ வேறு நேரத்திலோ வண்டியை விடுங்கள். இடைவெளி விஷயத்தில் ஒரே கணக்குப் போதும். லோடு வண்டி 60-இல் போகும்போது, ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போவதற்குள்ளேயே 25 மீட்டர் ஓடிவிடும். நிற்பதற்குள் காய்ந்த ரோட்டிலேயே 50 மீட்டரைத் தாண்டும். 40-இல் போனால் கிட்டத்தட்ட பாதித் தூரத்தில் நின்றுவிடும். முன் வண்டி கடந்த கம்பத்தை நாம் கடக்க மூன்று விநாடியாவது ஆக வேண்டும், மழையில் ஐந்து.

மழை நமக்கு ஜூனிலும் உண்டு, அக்டோபர் நவம்பரிலும் உண்டு. நீண்ட வெயிலுக்குப் பிறகு பெய்கிற முதல் மழையின் முதல் அரை மணிதான் அதிகம் வழுக்கும், ரோட்டில் படிந்த எண்ணெயும் தூசியும் சேர்ந்து மேலே வரும். நாலுவழிச்சாலை வேலை நடக்கிற இடங்களில் செம்மண் ரோட்டில் இறங்கி இதே வழுக்கலைக் கொடுக்கும். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றைப் பற்றி உங்கள் டிரைவர்களுக்குத் தெரியும், ஆனால் லோடு இல்லாத வண்டிக்குத்தான் அது ஆபத்து என்பதைச் சிலர் யோசிப்பதில்லை. தென்மேற்குப் பருவ மாதங்களில் காவல்கிணறு தாண்டி கன்னியாகுமரி நோக்கித் தெற்கே போகும்போது காற்று வலது பக்கத்திலிருந்து அடிக்கும். காலி வண்டியை, அதுவும் உயரமாகக் கூண்டு கட்டிய வண்டியை, இடது பக்கம் தள்ளும். பெரிய பஸ் ஒன்று வலது பக்கம் முந்தும்போது காற்று சட்டென்று நின்று, அது தாண்டியதும் திரும்ப அறையும். இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் இருக்க வேண்டும், வேகம் குறைந்திருக்க வேண்டும், இடது பக்கம் போகிற பைக்குக்குத் தாராளமாக இடம் விட வேண்டும்.

வண்டி ரிப்பேராகி நின்றால் அப்போதைக்கு அதுதான் ரோட்டிலேயே பெரிய ஆபத்து. லைட் இல்லாமல் நிற்கிற லாரியின் பின்னால் மோதிச் செத்தவர்கள் எத்தனையோ பேர். ஒளியைப் பிரதிபலிக்கும் முக்கோணம் ஒவ்வொரு வண்டியிலும் இருக்கட்டும், குறைந்தது 50 மீட்டர் பின்னால், நாலுவழியில் 100 மீட்டர் பின்னால் வைக்கட்டும். வளைவுக்கு அப்பால் நின்றால் வளைவுக்கு முன்னாலேயே வைக்க வேண்டும். கல்லை அடுக்கி, மரக்கிளையை ஒடித்துப் போடுகிற வழக்கம் வேண்டாம். வண்டி சரியானதும் கிளையை எடுப்பார்கள், கல்லை விட்டுவிட்டுப் போவார்கள். இருட்டில் அந்தக் கல்லில் ஏறி விழுவது யாரோ வீட்டுப் பிள்ளை. பின்பக்க ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கரை வாரம் ஒருமுறை துணியால் துடைக்கச் சொல்லுங்கள், குவாரிப் புழுதி படிந்தால் அது இருந்தும் இல்லாத மாதிரிதான்.

விபத்து நடந்துவிட்டால் வண்டியை நிறுத்தி, 108-க்குப் போன் செய்து, அடிபட்டவருக்கு உதவ வேண்டும் என்பதுதான் சட்டம். கூட்டம் அடிக்க வரும் என்று பயந்தால் நேராகப் போலீஸ் ஸ்டேஷனில் போய்ச் சொல்லலாம், ஆனால் ஓடி ஒளியக் கூடாது. அடிபட்டவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும், தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்து நடந்திருந்தால் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு, பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிகளில், இன்னுயிர் காப்போம் என்ற அரசின் இலவசச் சிகிச்சைத் திட்டம் 2021 டிசம்பர் முதல் இருக்கிறது. ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் எந்த வழியில் சீக்கிரம் எட்டும் என்பது ஒவ்வொரு டிரைவருக்கும் தெரிந்திருக்கட்டும்.

சரி, ஜிபிஎஸ், கேமரா. மாட்டுங்கள், நல்லதுதான். சடன் பிரேக் எங்கே, எத்தனை மணிக்கு அதிகம் விழுகிறது என்று பார்த்தால் எந்த டிரிப்பின் நேரக் கணக்கு தவறு என்று தெரியும். டிரைவரைத் திட்டுவதற்கு மட்டும் அதைப் பயன்படுத்தினால் ஒயரைப் பிடுங்கிவிடுவார்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அதைவிட முக்கியமான ஒரு பயன் உண்டு: நீங்கள் போன் செய்யும் முன் வண்டி நிற்கிறதா ஓடுகிறதா என்று பார்க்கலாம். ஓடும் வண்டியில் டிரைவர் போனை எடுப்பது பெரும்பாலும் முதலாளி கூப்பிடுகிறார் என்பதால்தான். வண்டி ஓடினால் கூப்பிடாதீர்கள், வீட்டுக்காரர்களிடமும் சொல்லி வையுங்கள். அவசரம் என்றால் கிளீனர் போனுக்குக் கூப்பிடுங்கள்.

நாமக்கல்லில் அசோக் லேலண்ட் டிரைவர் பயிற்சி நிலையம் இருக்கிறது. இப்படிப்பட்ட இடங்களில் பழைய டிரைவர்களுக்கும் மறுபயிற்சி உண்டா என்று விசாரித்து, சீசன் குறைவான மாதத்தில் ஒவ்வொருவராக அனுப்பிப் பாருங்கள், அந்த நாட்களுக்குச் சம்பளம் பிடிக்காமல். முதலில் பேட்டா கணக்கை மாற்றிவிட்டு அனுப்புங்கள். அங்கே கற்றுக்கொண்டதை இங்கே ஓட்ட அப்போதுதான் அவர்களுக்கு நேரம் இருக்கும். மாற்றிய பிறகு கணக்கு இடித்தால் எழுதுங்கள், டிரிப் வாரியாக உட்கார்ந்து பார்க்கலாம்.